ஆணியில் தொங்கும் கரண்டி

ஜனவரி 9, வெள்ளி

நூற்று நாற்பத்து மூன்றாவது பேட்ச் இன்று போனது. மாவு நன்றாக இருந்தது. முதலில் வறுத்த கடலை வாசனை, பிறகு காளான், கடைசியில் அடிநாக்கில் லேசான இனிப்பு. இருபத்திரண்டு வருடம் டீத்தூள் கம்பெனியில் ருசி பார்த்த நாக்கு இது. கம்பெனியை மூடியபோது மற்றவர்கள் நாற்காலி, மேஜை விசிறி என்று தூக்கிக்கொண்டு போனார்கள். நான் என் ருசிக்கரண்டியை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இப்போது அது பேக்கிங் அறையில், தராசுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. சில்வண்டுப் பூச்சியை வளர்த்து அரைக்கிற இந்த மாவு என் நாக்கைத் தாண்டித்தான் வெளியே போகும். மூன்று வருடமாக எங்கள் கொட்டகையின் சட்டம் அது.

காலையில் மாவு சலிக்கும்போது பதினொரு தும்மல். பேக்கிங் செய்கிற பெண் ரேடியோ, பக்கத்தில் நின்று எண்ணினாள். (வாயை மூடமாட்டாள். அதனால் அந்தப் பெயர்.) "இன்னும் ஒண்ணு போட்டா டஜன் ஆயிடும்க்கா" என்றாள். தூசிதான். பூச்சிகள் தோல் உரிக்கும், உரித்த தோல் பொடியாகிப் பறக்கும். அது மூக்கில் ஏறினால் தும்மல் வராமல் பாட்டா வரும்?

ஜனவரி 15, வியாழன்

பிஸ்கட்காரர் வந்தார். எங்கள் மாவு முழுவதையும் வாங்குகிறவர் அவர் ஒருவர்தான். பாக்கெட்டில் இருக்கும் எச்சரிக்கை வரியைக் கொஞ்சம் சின்னதாக்க முடியுமா என்று கேட்டார். "இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைச் சாப்பிட வேண்டாம்." நான் எழுதிய வரி. உடம்பைப் பொறுத்தவரை சில்வண்டும் இறாலும் பங்காளிகள். ஒன்று ஆகாதவருக்கு மற்றதும் ஆகாது.

"பூச்சின்னாலே ஜனங்க முகம் சுளிக்கிறாங்க. இதையும் படிச்சா பயப்பட மாட்டாங்களா?"

"பயப்பட வேண்டியவங்க பயப்படணும்னுதான் சார் எழுதியிருக்கு."

அவர் போனதும் எழுத்தை ஒரு சுற்றுப் பெரிதாக்கச் சொல்லி அச்சகத்துக்குப் போன் செய்துவிட்டேன். என் தம்பி சிரித்தான். "அக்காகிட்ட வாய் குடுத்துட்டு முழுசா வெளிய போனவன் யாரு?"

வளர்ப்பு அறை தம்பியின் ராஜ்யம். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன். குளிர வைக்கத் தெரிந்தவனுக்குச் சூடு வைக்கவும் தெரியும் என்று நான்தான் இழுத்து வந்தேன். ஆறு ரேக், முப்பத்தாறு பெட்டி. பெட்டிக்குள் கோழிமுட்டை அட்டைகளை அடுக்கி, ஈரப் பஞ்சு வைத்து, தீவனம் தூவி, ஆறு வாரத்தில் ஆளாக்கி விடுவான். வெப்பமானியைப் பார்க்கவே மாட்டான். கதவுக்கு வெளியே நின்று சத்தத்தைக் கேட்டுவிட்டு, "மூணாவது ரேக்ல தண்ணி காஞ்சிருக்கு" என்பான். போய்ப் பார்த்தால் காய்ந்திருக்கும். அவன் காது, என் நாக்கு. இந்த இரண்டை வைத்துத்தான் கொட்டகை நடக்கிறது.

பிப்ரவரி 1, ஞாயிறு

தம்பி வீட்டில் மதியச் சாப்பாடு. அவன் மனைவிக்கு ஐந்தாம் மாதம், ஆனாலும் நின்று சமைத்திருந்தாள். இறால். நாலு வாய் சாப்பிடுவதற்குள் என் உதடு குறுகுறுவென்றது. தட்டை ஒதுக்கினேன்.

"இன்னிக்குக் காலையிலதான் வாங்கினது அண்ணி."

சும்மா இருந்திருக்கலாம். "நீ காலையில வாங்கினே. அது எப்ப செத்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் தொங்கிப்போனது.

திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் கேட்டார், "மத்த மூணு பேரும் நல்லாத்தானே சாப்பிட்டோம்?" பொய்ப்பல் கட்டுகிற மனுஷன். அடுத்தவர் வாய்க்குள் அளவெடுத்தே பழக்கம், என் வாயை மட்டும் விட்டுவிடுவாரா? பழகிய நாக்குக்குத்தான் சீக்கிரம் தெரியும் என்றேன். அவர் வழக்கம்போல 'உம்' என்றார்.

பிப்ரவரி 6, வெள்ளி

147-வது பேட்ச். கரண்டியை வாயில் வைத்து ஐந்து நிமிடத்தில் நாக்கு நுனி அரித்தது. கொப்பளித்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். மறுபடி அரித்தது. வாசனை சரி. நிறம் சரி. ஈரம் சரி. பிறகு எதனால்?

தீவனத்தில்தான் ஏதோ. மூட்டைகளை அனுப்பவில்லை.

பிப்ரவரி 7, சனி

தம்பி ஒரு கைப்பிடி மாவை அள்ளி என் கண் முன்னாலேயே வாயில் போட்டுக்கொண்டான். "எனக்கு ஒண்ணும் ஆகலையேக்கா."

"கொதிக்கிற டீயை மடக்குனு குடிக்கிற நாக்குடா அது. அதுக்கு என்ன தெரியும்?"

மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஒரு பேட்சைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தோம். பூச்சித் தீவனத்துக்குக் கீரை வாங்கும் கடையை மாற்றச் சொன்னேன். சரி என்றான்.

பிப்ரவரி 13, வெள்ளி

மறுபடியும் அரிப்பு. மறுபடியும் குழி.

பிப்ரவரி 20, வெள்ளி

149-ம் போச்சு. இந்தத் தடவை உதடு தடித்து அரை மணி நேரம் இறங்கவில்லை. மணிக்கட்டிலும் கொசு கடித்த மாதிரி வரிசையாகத் தடிப்பு. நாளையிலிருந்து முழுக்கை சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். ஆளாளுக்கு என்ன ஏது என்று கேட்பார்கள், பதில் சொல்லி மாளாது.

ரேடியோ ஒரு சந்தேகம் கேட்டாள். "குழி மேல எறும்பு சாரை சாரையா போகுதுக்கா. விஷமா இருந்தா எறும்பு வருமா?" எறும்புக்கு நாக்கு இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தாள். அவள் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பது பெரிய விஷயம்.

அவர் என் உதட்டைப் பார்த்துவிட்டு, "எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வா" என்றார். மாவு கெட்டுப்போனால் எனக்கு எதற்கு டாக்டர்?

பிப்ரவரி 25, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

தம்பி வெளியே போயிருந்தபோது வளர்ப்பு அறைக்குள் போனேன். உள்ளே போனதுமே இருமல், கண்ணில் தண்ணீர். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு ரேக்கின் காலைச் சுற்றியும் வெள்ளைப் பொடி வட்டமாகத் தூவியிருக்கிறது. எறும்புப் பொடி! பூச்சி வளர்க்கிற இடத்தில் பூச்சி மருந்து.

அவன் வந்ததும் கேட்டேன். சிரித்தான். சிரிக்கிற விஷயமா இது?

"அது முகத்துக்குப் போடுற பவுடர்க்கா. எறும்பு ஏறினா கால் வழுக்கி விழும். வீட்ல அவ டப்பாவுலேருந்து எடுத்துட்டு வந்தேன். வேணும்னா அவளையே கேளேன்."

வேலிக்கு ஓணான் சாட்சி.

பொடியைத் தொட்டு முகர்ந்தேன். மூக்கு அடைத்திருந்தது, ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். நெருப்பில்லாமல் புகையாது.

மார்ச் 3, செவ்வாய்

பிஸ்கட்காரர் தானாகவே ஒரு சாம்பிளை லேபுக்கு அனுப்பியிருந்தார். சுத்தம் என்று காகிதம் வந்துவிட்டது. மருந்து இல்லை, பூஞ்சை இல்லை, ஒன்றும் இல்லை. "இனிமே அனுப்பலாமில்லையா?" என்று கேட்டார். மிஷினுக்கு நாக்கு உண்டா?

அந்த சாம்பிளை பாக்கெட்டில் போட்டுக் கொடுத்தது யார் என்று விசாரித்தேன். தம்பி.

அதற்குமேல் நான் ஒன்றும் எழுதப்போவதில்லை.

மார்ச் 6, வெள்ளி

எழுதித்தான் ஆகவேண்டும்.

151-ஐ ருசி பார்க்க பிஸ்கட்காரரையும் வரச் சொல்லியிருந்தேன். தம்பி, ரேடியோ, என் வீட்டுக்காரர், நான். கரண்டியை வைத்தேன். நாக்கு, உதடு, தொண்டை, எல்லாம் அரித்தது. குரலே மாறிப்போய், அந்தக் குரலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பொடி, சாம்பிள், கீரைக்கடை, எல்லாம். இவன் தின்றுவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்கிறான், ஆகாதுதான், உள்ளே என்ன போட்டான் என்று அவனுக்குத்தானே தெரியும் என்றேன்.

தம்பி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"மருந்து போட்டா முதல்ல பூச்சி சாகுமேக்கா. அதுகூடவா உனக்குத் தோணல?"

தோன்றவில்லை. ஆனால் கோபம் இருந்தது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று முணுமுணுத்துவிட்டு, சாவிக் கொத்தைத் தராசு மேல் வைத்தான். தராசு முள் அசைந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கியபோது அவன் இல்லை.

மார்ச் 7, சனி

போனால் போகட்டும்.

மார்ச் 9, திங்கள்

அவர் ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "ஒரே தம்பி." எனக்குத் தெரியாதா?

மார்ச் 16, திங்கள்

தீவனம் வேறு கடை. கீரை நானே பார்த்துப் பார்த்துக் கழுவுகிறேன். பொடியைத் துடைத்து எடுத்தாயிற்று. இரண்டே நாளில் எறும்பு ரேக்கில் ஏறி, முட்டைப் பெட்டிகளை மொய்த்துவிட்டது.

அறைக்குள் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. நெஞ்சுக்குள் விசில் அடிக்கிறது. வெளியே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி போகிறேன். ரேடியோவும் முடிந்ததைச் செய்கிறாள்.

சத்தம் குறைந்திருக்கிறது. மூன்றாவது ரேக்கில் தண்ணீர்ப் பஞ்சு காய்ந்திருந்தது. கவனித்தபோது நேரம் கடந்துவிட்டது. பெட்டியைத் திறந்தால், ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன. கால் இல்லாதவை, இறக்கை இல்லாதவை. தின்றுகொண்டே கத்தவும் செய்தன. மூடிவிட்டேன். கதவுக்கு வெளியே வந்து நின்று காதைக் கொடுத்துக் கேட்டேன். எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல். இதில் அவன் என்னத்தைக் கேட்பான்?

மார்ச் 27, வெள்ளி, காலை

154. மிஞ்சியதே கால் பங்குதான். ஆனால் இது மூன்று வாரம் நானே ஊட்டி, நானே ஃப்ரீசரில் வைத்து, நானே அவித்து, உலர்த்தி, அரைத்த மாவு. வேறு கை படவில்லை. இன்றைக்கு அரிக்காது. அரிக்கவில்லை என்றால் நான் சொன்னது அத்தனையும் உண்மை என்று ஆகிவிடும்.

ஒரு கரண்டி போதாது. மூன்று வைத்துப் பார்க்கப் போகிறேன்.

ஏப்ரல் 1, புதன்

அரித்தது.

நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து விட்டார்கள். மூன்றாவது கரண்டி இறங்கும்போதே தொண்டைக்குள் யாரோ கையை வைத்து முறுக்குகிற மாதிரி. பேச வரவில்லை. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. முகம் பந்து மாதிரி ஆனதாம், கண் மூடிக்கொண்டதாம், எனக்குத் தெரியாது. கடைசியாகக் கேட்டது ரேடியோவின் குரல். தெருவில் யாரையோ வண்டியை நிறுத்தச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தாள். அவள் வாய் இன்றைக்கு என் உயிர்.

டாக்டர் இளம் வயதுப் பெண். என் கையில் வரிசையாக ஊசியால் கீறி, ஒவ்வொரு கீறலிலும் ஒரு சொட்டு மருந்து வைத்தாள். சில்வண்டுச் சொட்டு வைத்த இடம் புளியங்கொட்டை அளவு வீங்கியது. பக்கத்தில் இறால். அதுவும் வீங்கியது.

"எத்தனை வருஷமா அந்தத் தூசியில வேலை பாக்கிறீங்க?"

"மூணு."

"தினமும் சுவாசிச்சிருக்கீங்க, வாரா வாரம் தின்னுருக்கீங்க. உடம்பு ஒரு நாள் இது எதிரின்னு முடிவு பண்ணிடுச்சு. சில பேருக்கு அப்படி ஆகும். சமீபத்துல இறால் சாப்பிட்டு ஏதாவது பண்ணிச்சா?"

தம்பி வீட்டில் ஒதுக்கிய இறால் தட்டு கண் முன்னால் வந்தது. பாக்கெட்டில் அந்த வரியை எழுதியதே நான். எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னதும் நான்.

மாவில் ஒன்றும் இல்லை. ஆரம்பத்திலிருந்தே ஒன்றும் இல்லை. ஏழு குழி. எல்லாம் நல்ல மாவு.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். என் தம்பியை நான்—

ஏப்ரல் 3, வெள்ளி

டாக்டர் சொன்னதை மறக்காமல் எழுதி வைக்கிறேன். இனி கொட்டகைக்குள் காலே வைக்கக்கூடாது. தொடையில் குத்திக்கொள்ளும் ஊசி ஒன்று எப்போதும் பையில் இருக்கவேண்டும். அடுத்த தடவை ஆஸ்பத்திரி வரை நேரம் இருக்காது. உள்ளே வேலை பார்க்கிற மற்றவர்களும் மாஸ்க் போடவேண்டும். தும்மல், தடிப்பு வந்தால் அசட்டை பண்ணக்கூடாது.

ஏப்ரல் 5, ஞாயிறு

தம்பி வீட்டுக்குப் போனேன். அவள்தான் கதவைத் திறந்தாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. உள்ளே வாங்க என்று சொல்லவில்லை, வழியை மட்டும் விட்டாள். அலமாரியில் கண்ணாடிக்குப் பக்கத்தில் அந்தப் பவுடர் டப்பா. மூடியில் ஒரு ரோஜாப் பூ. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தம்பி எதிரே வந்து உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னோடதுடா என்றேன். என் வாழ்க்கையில் நான் அதிகம் சொல்லாத வார்த்தை.

"நான் பொய் சொன்னேன்னு சொன்னதைக்கூட விடுக்கா. வீட்டோட இருந்திருந்தா பரவால்ல. பிஸ்கட்காரர் முன்னால சொன்னியே. அந்த ஆள் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாரு."

"அதே ஆள் முன்னால திருப்பிச் சொல்றேன்."

யோசித்தான். வேறு வேலை எதுவும் இன்னும் அமையவில்லை என்று அவள் உள்ளிருந்து சொன்னாள். அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான், பிறகு என்னை. "பூச்சியெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஏப்ரல் 24, வெள்ளி

தம்பி உள்ளே, நான் வெளியே. பேக்கிங் அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே தெருவோரமாக ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டு, அங்கிருந்தே பாக்கி வேலைகளைப் போனில் பார்க்கிறேன். பெரிய எக்சாஸ்ட் ஃபேன் இரண்டு போட்டாயிற்று. மாஸ்க் பெட்டி பெட்டியாக வாங்கிக் கொடுத்தேன். ரேடியோ போட்டுக்கொண்டு அதற்குள்ளிருந்தும் பேசுகிறாள். தம்பி தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொள்கிறான். மாஸ்க் போட்டால் காது அடைக்கிறதாம்.

பிழைத்த பூச்சிகளைப் பொறுக்கி முட்டை வைக்க விட்டிருக்கிறான். முதல் பேட்ச் வர ஜூன் ஆகும்.

ஜூன் 12, வெள்ளி

155. சொன்ன சொல்லை இன்று காப்பாற்றினேன்.

பிஸ்கட்காரர், ரேடியோ, அவர் எல்லோரும் இருந்தார்கள். மாவைத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று தம்பி கண்ணாடிக்கு உள்ளேயே நின்றான். நான் வெளியிலிருந்து சத்தமாகச் சொன்னேன். அன்றைக்கு இந்த இடத்தில் என் தம்பியைப் பற்றிச் சொன்னது அத்தனையும் பொய், கோளாறு என் உடம்பில் இருந்தது, அவன் கையில் இல்லை என்று. தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பிறகு, "அந்தக் கரண்டியை எடுத்துக்கோடா. இனிமே உன் நாக்குதான்" என்றேன்.

அவன் ஆணியிலிருந்து அதை எடுத்தான். துணியால் துடைத்தான். எங்கள் வீட்டில் அவனுக்கு நான் கொடுத்ததெல்லாம் என் பழைய பொருள்கள்தான். சைக்கிள், புத்தகப் பை, கைக்கடிகாரம். எதையும் அவன் இவ்வளவு பத்திரமாகப் பிடித்து நான் பார்த்ததில்லை. மாவை வாயில் வைத்து, என்னைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு, என்னைப் போலவே தலையாட்டினான். "கடலை வாசனை. அப்புறம் காளான்" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். பதிவேட்டில் "சரி" என்று எழுதினான்.

இவ்வளவு நிம்மதியாக நான் தூங்கி எத்தனை நாள் ஆகிறது?

ஜூன் 22, திங்கள்

தம்பிக்குப் பெண் குழந்தை. மூக்கு எங்கள் அப்பா மூக்கு. பாவம், அது மட்டுமாவது அம்மா பக்கம் போயிருக்கலாம்.

ஜூலை 3, வெள்ளி

158. சரி என்று எழுதினான்.

கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது தும்மிக்கொண்டே இருந்தான். நான் எண்ண வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஒன்பது.

ஜூலை 8, புதன்

வெயில் கொளுத்துகிறது. வளர்ப்பு அறையில் அதற்கு மேல் ஹீட்டர் சூடு. தம்பி முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். மணிக்கட்டு வரை பட்டன்.

ஸ்டூலிலிருந்து எழுந்தவள், எதற்கு எழுந்தேன் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 10, வெள்ளி

இன்று அவன் ருசி பார்த்தபின் கொப்பளித்தான். பிறகு மறுபடி ஒரு கரண்டி. பிறகு "சரி" என்று எழுதினான். சாயங்காலம் கொட்டகையை மூடியதும் தெருவில் வைத்துக் கேட்டேன்.

"கையைக் காட்டுடா."

"எதுக்கு?"

"காட்டு."

காட்டவில்லை. "தூசிக்கா. வேற ஒண்ணும் இல்ல."

என் வாயிலிருந்து போன வார்த்தை, அப்படியே திரும்பி வருகிறது. டாக்டரிடம் போகலாம், ஒரே ஒரு டெஸ்ட், ஒரே ஒரு கீறல் என்றேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம். முதலில் சிரித்தான். "உனக்குச் சின்ன வயசுலேருந்தே மூக்கடைப்பு. எனக்கு என்னிக்காவது ஒரு ஜலதோஷம் வந்திருக்கா?" விடாமல் சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியாக்கா? அன்னிக்கு என் தீவனம் சரியில்ல. இன்னிக்கு என் உடம்பு சரியில்லையா?"

"லேப்ல ஒரு தடவை பாத்துட்டா—"

"லேப் சொன்னதை நீ நம்பினியா?"

ஊரைக் கூட்டி அவன் கையில் கொடுத்த கரண்டியை, ஒரு மாதத்தில் எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது? கேட்டால், அக்கா தன் நாற்காலியைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கிறாள் என்றுதான் நினைப்பான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

ஜூலை 14, செவ்வாய்

அவன் மனைவியிடம் சொன்னேன். குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "நீங்க இப்ப சொல்றது நிஜமாவே இருக்கலாம் அண்ணி" என்றாள். "ராத்திரியில சொறிஞ்சுக்கிறார், நானும் பாத்தேன். ஆனா நீங்க சொல்லி நான் சொன்னேன்னு தெரிஞ்சா இன்னும் முறுக்கிக்குவார். கொஞ்ச நாள் போகட்டும்."

கொஞ்ச நாள். நானும் கொஞ்ச நாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் அரிப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் எனக்கு ஏழு வெள்ளிக்கிழமை. அவனுக்கு எத்தனை? எப்போதிலிருந்து எண்ணுவது?

ஜூலை 16, வியாழன்

கொட்டகைப் பூட்டை மாற்றிவிடலாமா என்று பூட்டுக்கடை வரை போனேன். புதுப் பூட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு தடவை அவனை வெளியே தள்ளினேன், தப்பு. இப்போது தள்ளினால் சரி. ஆனால் அவனுக்கு இரண்டும் ஒன்றுதான். பூட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன். எனக்குத் தைரியம் இல்லை. வேறு காரணம் ஒன்றும் எழுதத் தேவையில்லை.

ஜூலை 17, வெள்ளி

160. சரி. எழுதுவதற்கு முன்னால் நாக்கை மேல் பல்லில் இரண்டு தடவை தேய்த்தான்.

ஜூலை 24, வெள்ளி

காலையிலேயே ஸ்டூலில் வந்து உட்கார்ந்துவிட்டேன். அவரும் பல் கட்டும் வேலையை விட்டுவிட்டு என்கூட வந்தார். உள்ளே வளர்ப்பு அறையில் பூச்சிகள் சத்தம் நன்றாக இருந்தது. நிறைந்த சத்தம். அவன் வளர்க்கும்போது அது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

பதினொரு மணிக்கு தம்பி ஆணியிலிருந்து கரண்டியை எடுத்தான். மாவை அள்ளினான், கண்ணை மூடினான். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலாவது நிமிடம் கொப்பளித்தான். இன்னொரு கரண்டி. கீழ் உதட்டைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். ஒருதரமாவது என் பக்கம் திரும்புவான் என்று நினைத்தேன். திரும்பவில்லை.

பதிவேட்டை எடுத்தான். "சரி" என்று எழுத இரண்டு எழுத்து போதும். அவன் எழுதிக்கொண்டே இருந்தான்.

பிறகு ரேடியோவைக் கூப்பிட்டான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ட்ரேயெல்லாம் இந்த வாரம் எந்த சோப்புல கழுவின?"

ரேடியோ மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்ணால் என்னைத்தான் பார்த்தாள். நான் பையிலிருந்து ஊசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.